கடைசி பெஞ்சில் மூன்று இடம்

என்ன கண்ணுகளா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? எங்க பக்கம் போன வாரம் பூரா மழை. கொக்கோ காயப் போட்டவங்க பாடு திண்டாட்டம்தான். உங்க ஊர்லயும் வீட்டுக்கு வீடு காய்ச்சல்னு கேள்விப்பட்டேன். வெந்நீர் குடிங்க. பிள்ளைகளைக் கொசுவலைக்குள்ள படுக்க வையுங்க. கொசு இன்னிக்கு நம்ம கதைக்குள்ளயும் புகுந்திருக்கு. சரி, செர்வா காத்திருக்கா. போவோம்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கிறதா? அபோமா ஊரின் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கு இந்தப் பருவம் மூன்றாம் வகுப்பு டீச்சராக வந்திருக்கிற ஃப்ரேமா, தன் அண்ணி செர்வாவின் அடுப்படியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டை எல்லாம் ஒரு பெயருக்காக.

செர்வாவின் எட்டு வயது மகள் பெயர் சுமினா. கேட்கிற நமக்கு இனிமையாகத்தான் இருக்கும். அந்த ஊர்ப் பேச்சில் அதற்குக் குப்பைமேடு என்று பொருள்.

"படிப்பு உன் பாடு ஃப்ரேமா. அடிக்காம சொல்லித் தர்றே, சோடா மூடியை அடுக்கி வெச்சுக் கணக்குப் போட வைக்கிறே, எல்லாம் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனா பேரு என் பாடு. அதை மட்டும் தொடாதே."

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள் ஃப்ரேமா.

செர்வா ஒன்றும் பிள்ளையை வெறுத்து அந்தப் பெயரை வைக்கவில்லை. சுமினாவுக்கு முன்னால் மூன்று பிறந்தன. மூன்றும் பல் முளைக்கிற வயசுக்குள் போய்விட்டன. ஒரே பிள்ளைதான் விளையாட்டுக்கு வந்து வந்து போகிறது என்று ஊரில் சொன்னார்கள். செர்வா அதை ஒருநாளும் நம்பவில்லை. மூன்றுக்கும் மூன்று முகம். பெற்றவளுக்குத் தெரியாதா?

மூன்றாவது போனபோது அழவும் விடவில்லை. அழுதால் அதற்கு ருசி தெரிந்துவிடும், மறுபடி வரும், மறுபடி போகும் என்று வாயைப் பொத்தினார்கள். நாலாவது பிறந்தவுடன் கன்னத்தில் சின்னதாய் ஒரு கீறல் போட்டு, குப்பைமேடு என்று பெயரும் வைத்தார்கள். குப்பையைத் தேடிக்கொண்டு எந்தச் சாவு வரும்? தாண்டித்தான் போகும்.

தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தப் புதன்கிழமை வரை.

*

புதன்கிழமை காலை பள்ளியில் வழிபாடு. செர்வா வழக்கம்போல வேலியோரம் கூழ்ப் பானையை இறக்கியிருந்தாள். பக்கத்துச் சட்டியில் காராமணி வடை சூடாய்க் கிடந்தது. பிள்ளைகள் கையில் கிண்ணமும் கக்கத்தில் துடைப்பமுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பருவம் தொடங்கினால் ஆளுக்கொரு துடைப்பம் வீட்டிலிருந்து கொண்டுவந்தாக வேண்டும். முற்றத்தைப் பெருக்கி, பின்னால் இருக்கிற குழியில் கொட்டின பிறகுதான் அங்கே பாடம்.

"ஆன்ட்டி, நிறைய ஊத்துங்க. நேத்து பாதிக் கரண்டி காத்துதான்."

"காத்துக்கு நான் காசு வாங்கலையேடா. குடி, குடி. உங்க மேடம் வந்தாச்சா?"

"எப்பவோ! அவங்களும் எங்களோட பெருக்குறாங்க. ஹெட்மாஸ்டர் திட்டுறார். டீச்சர் துடைப்பம் தூக்கினா மரியாதை போயிடுமாம்."

செர்வாவுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனார் முதல் நாளே தனக்கென்று ஒரு துடைப்பம் வாங்கிக்கொண்டு வந்தவள். படித்த திமிர் கிடையாது. வாய்தான் நீளம்.

தொங்குகிற லாரிச் சக்கர வளையத்தை யாரோ கம்பியால் தட்டினார்கள். மணி. பிள்ளைகள் கிண்ணத்தை நக்கிவிட்டு ஓடினார்கள். அன்றைக்குச் சபையிலிருந்து ஒரு பெரிய அம்மா வந்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்த்துப் போக. மாமரத்தடியில் அவளுக்கு நாற்காலி. நாற்காலி மேல் ஒரு பூப்போட்ட துணி.

வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் புத்தகத்தோடு முன்னால் வந்தாள். மொட்டைத் தலை, இரவல் செருப்பு.

சுமினா!

கரண்டி பானைக்குள்ளேயே நின்றுவிட்டது. வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுக்கிற பிள்ளை. அன்றைய வேதப் பகுதியைத் தட்டுத் தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தது.  பக்கத்தில் வாழைப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் செர்வாவின் இடுப்பில் இடித்தாள்.

"உன் பொண்ணா அது? வானொலிப் பெட்டி மாதிரி இல்ல வாசிக்குது!"

"சும்மா இரு. கண்ணு வைக்காதே."

வாசித்து முடித்ததும் பெரிய அம்மா எழுந்தே விட்டாள். "எவ்வளவு தெளிவு! இங்க வாம்மா. உன் பேரு என்ன?"

சுமினா வாய் திறக்கவில்லை. தன் டீச்சரைப் பார்த்தாள். பின் வரிசையிலிருந்து ஒருத்தன், "குப்பை!" என்றான். குபீரென்று சிரிப்பு.

ஃப்ரேமாவின் முகம் கடுத்ததை வேலியிலிருந்தே செர்வா பார்த்தாள். வேண்டாம், வேண்டாம் என்று அவள் மனசு அடித்துக்கொள்கிறபோதே ஃப்ரேமா முன்னால் வந்து பிள்ளையின் தோளில் கை வைத்தாள்.

"அடோம். இவ பேரு அடோம்."

கிருபை என்று அர்த்தம்.

"கிருபை!" பெரிய அம்மா கையைத் தட்டினாள். "முகத்துக்கேத்த பேரு! எங்கே, எல்லாரும் இந்தப் பிள்ளையைப் பேர் சொல்லி வாழ்த்துங்க."

"அடோம்!" என்றது முற்றம். "அடோம்! அடோம்!" மேளத்தில் ஒருத்தன் தாளம் பிடித்துக்கொண்டான். வானம் வரைக்கும் கேட்டிருக்கும். எது கேட்கக் கூடாதோ அதற்கும் கேட்டிருக்கும்.

செர்வா ஓடினாள். கையில் கூழ் சொட்டுகிற கரண்டி. வேலிச் சந்தில் இடுப்புத் துணி மாட்டிக் கிழிந்தது. வரிசைகளைப் பிளந்துகொண்டு நடு முற்றத்தில் போய் நின்று கத்தினாள்.

"ஏய் குப்பை! யாருடி உன்னை அடோம்னு சொன்னது? மூஞ்சியைப் பாரு! நாய்கூட மோந்து பாக்காத மூஞ்சி! யாருக்கு வேணும் நீ? யாருக்கும் வேணாம்! கேக்குதா? யாருக்குமே வேணாம்!"

அவள் பிள்ளையைப் பார்த்துக் கத்தவில்லை. தலைகளுக்கு மேலே, மரங்களுக்கு மேலே பார்த்துக் கத்தினாள். அது யாருக்குத் தெரிந்தது? மேளம் நின்றது. பெரிய அம்மா வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி!" என்றாள் ஃப்ரேமா. "பெத்தவதானா நீங்க?"

சுமினா அழவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, ஆளில்லாத மூன்றாம் வகுப்பு ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். யாரோ கூப்பிட்டால் திரும்புவோமே, அந்த மாதிரி.

பிறகு அப்படியே மடங்கி விழுந்தாள்.

தொட்டால் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது.

*

செர்வா பிள்ளையை முதுகில் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஹெட்மாஸ்டர் டொன்கோர் குறுக்கே வந்து நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"சபை அம்மா முன்னாடி மானத்தை வாங்கிட்டே செர்வா. இது ஆண்டவரோட பள்ளிக்கூடம். மூடநம்பிக்கைக்கு இங்க இடமில்லை. அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இந்தப் பிள்ளை இனிமே வாசலுக்குள்ள வரணும்."

"மாஸ்டர், உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

"என்ன?"

"டொன்கோர். விலைக்கு வாங்கின ஆளுன்னு அர்த்தம். உங்களை யாரு வித்தாங்க, யாரு வாங்கினாங்க? உங்களுக்கு முன்னாடி உங்க அம்மாவுக்கு எத்தனை போச்சு?"

 அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. தாடி நரைத்த அந்த இடத்தில் மயிர் முளைக்காத ஒரு சின்னக் கோடு.

"உங்க கன்னத்துக் கீறலும் என் பிள்ளை கன்னத்துக் கீறலும் ஒண்ணுதான் மாஸ்டர். வழியை விடுங்க."

அவர் விட்டார்.

*

சுகாதார நிலையத்தில் நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். "மலேரியா. நல்ல வேளை, உடனே தூக்கிட்டு வந்தீங்க. மருந்து ஊசியில போட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் இறங்கும். அப்புறம் மாத்திரையை நேரம் தவறாம கொடுங்க. பயப்படாதீங்க."

செர்வா தலையை ஆட்டினாள். இரண்டாவது பிள்ளைக்கும் இதே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதையே கேட்டாள். அன்றைக்கும் பயப்படாமல்தான் வீட்டுக்குப் போனாள்.

ஃப்ரேமா பின்னாலேயே வந்திருந்தாள். கையில் இரண்டு தண்ணீர் பாக்கெட். ஒன்றை அண்ணியிடம் நீட்டினாள். செர்வா வாங்கவில்லை.

"பேரைத் தொடாதேன்னு சொன்னேன்ல?"

"அத்தனை பேர் முன்னாடி, 'நான் குப்பை'ன்னு அவ வாயால சொல்லச் சொல்றீங்களா அண்ணி?"

"சொல்லட்டும். உயிரோட இருந்து சொல்லட்டும்."

 கட்டிலில் சுமினா கண்ணை மூடிக் கிடந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து ஃப்ரேமா குனிந்து கேட்டாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"பாடம் சொல்லிட்டிருக்கா அண்ணி. நேத்து நான் நடத்தின பாடம். ஒரு வரி சொல்லி நிறுத்துறா. அப்புறம் அடுத்த வரி."

"நிறுத்துறாளா? எதுக்கு?"

"நான் வகுப்புல நிறுத்துவேன்ல, பிள்ளைங்க திருப்பிச் சொல்றதுக்கு. அந்த மாதிரி."

மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. ஃப்ரேமா தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழமை இவளை முன் பெஞ்சுக்கு மாத்தினேன். ஒரே அழுகை. அதுவரைக்கும் இவ இருந்தது நாலு பிள்ளைங்க நெருக்கி உக்கார்ற கடைசி பெஞ்சு. அதுல இவ மட்டும் ஓரத்துல ஒட்டிட்டு உக்காந்திருப்பா. நகர்ந்து நல்லா உக்காருடின்னு சொன்னா, 'ஆள் இருக்கு மேடம்'னு சொல்லுவா. பிள்ளைங்க கிண்டல் பண்ணிப் பண்ணி யாரும் பக்கத்துல வர்றதில்லை, அதை மறைக்கத்தான் அப்படிச் சொல்றான்னு நினைச்சேன்."

"எத்தனை ஆள்?"

"நான் கேக்கலை அண்ணி."

"எவ்வளவு இடம் விட்டிருந்தா?"

ஃப்ரேமா மூன்று விரலைக் காட்டினாள்.

செர்வா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அண்ணன் தம்பி அக்கா தங்கை என்கிற வார்த்தையே அந்தக் கூரைக்குள் புழங்கியதில்லை. பிள்ளைக்கு யார் சொன்னது?

"வாசிக்க எப்படிடி கத்துக்கிட்டேன்னும் கேட்டேன்" என்றாள் ஃப்ரேமா, இன்னும் தணிந்த குரலில். "போன வருஷ டீச்சர் பிரம்பை எடுத்துட்டுப் போனதைத் தவிர கடைசி பெஞ்சுப் பக்கம் போனதே இல்லையாம். அதான் கேட்டேன். 'சொல்லிக் கொடுத்துக் கொடுத்துக் கத்துக்கிட்டேன் மேடம், அவங்களுக்குப் பள்ளிக்கூடம் புதுசு'ன்னா. யாருக்குடின்னேன். சிரிச்சா."

கட்டிலிலிருந்து மெல்ல ஒரு குரல்.

"மேடம்..."

"சொல்லும்மா. இங்கதான் இருக்கேன்."

"நான் முன் பெஞ்சுக்கு வந்துட்டேன்ல. அவங்க கோவமா இருக்காங்க. நீ எங்களை விட்டுட்டே, இனிமே நீ எங்ககூட வா, அங்க வெச்சுச் சொல்லிக் கொடுன்னு கூப்பிடுறாங்க."

செர்வா நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாங்காய் விற்கிறவளின் குடைக்குப் பின்னால் நின்று, கையை விடாமலே சொன்னாள்.

"நீ வாங்கணும் அவளை."

"என்ன அண்ணி?"

"நல்ல பேர் வானம் வரைக்கும் கேட்டுருச்சு. ஒளிச்சு வெச்ச பிள்ளையை நீ எடுத்துக் காட்டிட்டே. இனிமே ஒரே வழிதான். குப்பையில போட்டு வித்துடணும். என்கிட்ட இருந்து போயிட்டா, என் பிள்ளைன்னு தேடி வந்தா இங்க யாரும் இல்லை. போன மூணும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது."

"அண்ணி, நான் சபைப் பள்ளிக்கூட டீச்சர். ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லித் தர்றவ. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"தெரியும்."

"வேற யாராவது..."

"வேற யாரு? என் அக்கா தங்கச்சி வாங்கினா செல்லாது. நம்ம ஊர்ல பிள்ளை அம்மாவோட குலம், அவங்களும் அதே குலம். வீட்டுக்குள்ளேயே கை மாத்துறது விற்பனையா? நீ என் புருஷனோட குலம். எங்களுக்கு வெளி ஆளு. நீ வாங்கினாத்தான் வாங்கினது."

ஃப்ரேமா சாலையைப் பார்த்தாள். வாழைத்தார் ஏற்றின லாரி ஒன்று போனது. அவளுடைய அண்ணன், செர்வாவின் புருஷன், ஓட்டுகிற மாதிரி லாரிதான். அவன் தலைநகருக்குப் போய் நாலு நாளாகிறது.

"வாங்கினா அப்புறம்?"

"அப்புறம் அவ உன் பிள்ளை. உன் வீட்ல தூங்குவா. உன்னைத்தான் அம்மான்னு கூப்பிடணும்."

"நீங்க?"

"நான் கூழ் விக்கிறவ. வேலிகிட்ட வந்தா எல்லாப் பிள்ளைக்கும் ஊத்துற மாதிரி அவளுக்கும் ஊத்துவேன்."

சொல்லும்போது செர்வாவின் குரல் நடுங்கவே இல்லை. அதைக் கேட்டுத்தான் ஃப்ரேமாவுக்கு அழுகை வந்தது.

"என்ன விலை அண்ணி?"

"குப்பைக்கு என்ன விலை இருக்கும்? துடைப்பம் போதும். ஆனா உன்னோடதா இருக்கணும்."

*

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு போனார்கள். மருந்து வேலை செய்திருந்தது, சுமினாவின் உடம்பு வியர்த்து ஈரமாய் முதுகில் ஒட்டிக்கிடந்தது. சூடு குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது.

ஹெட்மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். இருவரையும் பார்த்தார். ஃப்ரேமாவின் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். ஃப்ரேமா அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தாள்.

"மறைக்காதே டீச்சர். அதான் காலையில தினம் பாக்கிறேனே" என்றார். பிறகு காவல்காரனைப் பார்த்துச் சத்தமாக, "பின்பக்க ஜன்னல் எல்லாம் சாத்திட்டேன். நீயும் வீட்டுக்குப் போ. நான் இன்னிக்கு யாரையும் பாக்கலை" என்று சொன்னார்.

சைக்கிளில் ஏறப்போனவர் ஏறாமல் நின்றார். செர்வாவின் முகத்தைப் பார்க்காமல், கைப்பிடி மணியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எங்க அம்மா என்னைப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்கவே இல்லையாம். பின்னாடி அழுதேனாம், வாந்தி எடுத்தேனாம். திரும்பலை. திரும்பினா விற்பனை முறிஞ்சு போயிடும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான் நான் இங்க நிக்கிறேன். திரும்பிடாதே செர்வா."

குழி பள்ளிக்குப் பின்னால், மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே. அன்றைக்குக் காலையில் பெருக்கிக் கொட்டின மாவிலை, பென்சில் சீவல், வேர்க்கடலைத் தோல், சோடா மூடி. செர்வா முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை இலைகளின் மேல் இறக்கினாள். சுமினா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, எங்க போறே?"

பதில் சொல்லக் கூடாது. செர்வா நிமிர்ந்தாள்.

"இது குப்பை" என்றாள், காற்றிடம் சொல்கிற மாதிரி. "எனக்கு இது வேணாம். நான் கொட்டிட்டேன்."

திரும்பி நடந்தாள்.  பின்னால் ஃப்ரேமா மறுபக்கத்திலிருந்து வருகிற சத்தம். சருகு நொறுங்கியது. பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகிற துணிச்சல்காரி. அன்றைக்கு அவள் குரல் முதல் நாள் வகுப்பெடுக்கிறவள் மாதிரி உடைந்தது.

"யாரோ இங்க ஒரு பிள்ளையைக் கொட்டிட்டுப் போயிருக்காங்க. யாருக்கும் வேணாமா? கேக்கிறேன், யாருக்கும் வேணாமா? அப்போ நான் எடுத்துக்கிறேன். இந்தா, விலை."

துடைப்பம் விழுகிற சத்தம். பிள்ளையைத் தூக்குகிற முனகல். முடிந்தது.

செர்வா மூச்சை விட்டாள். இன்னும் பத்தடி நடந்தால் கட்டடத்தின் மூலை. மூலை திரும்பிவிட்டால் அழலாம்.

"மேடம், இருங்க."

சுமினாவின் குரல். தெளிவாக, காலையில் வேதம் வாசித்த அதே குரல்.

"என்னை மட்டும் தூக்கிட்டுப் போறீங்களே. அவங்களும் குழிக்குள்ளதான் நிக்கிறாங்க."

சருகு நொறுங்குகிற சத்தம் நின்றது.

"கையை நீட்டிட்டு நிக்கிறாங்க மேடம். பெரிய அண்ணன் மத்த ரெண்டு பேரையும் முன்னாடி தள்ளி விடுறான். என்னைக் கடைசியா தூக்குங்க, இதுங்களை முதல்ல தூக்குங்கன்னு சொல்றான்."

செர்வாவின் கால் நின்றது. மூத்தது ஆண் என்று அவள் இந்தப் பிள்ளையிடம் சொன்னதே இல்லை.

"என்கிட்ட வேற துடைப்பம் இல்லையேம்மா" என்றாள் ஃப்ரேமா. அதற்குமேல் அவளால் முடியவில்லை. விம்மிவிட்டாள்.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. செர்வா பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். திரும்பினால் சுமினா போவாள். திரும்பாவிட்டால் அந்த மூன்றும், பால் மறக்கும் முன்னே மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்த அந்த மூன்றும், இன்னொரு தடவை குழிக்குள்ளேயே நிற்கும்.

அவள் திரும்பவில்லை. வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சந்தைக் கூட்டத்தில் அம்மாக்கள் பின்னால் பார்க்காமலே கையை நீட்டுவார்களே, பிள்ளை வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று, அப்படி விரித்து நீட்டினாள்.

காற்று இல்லை. மாமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

சுண்டுவிரலை எதுவோ பற்றியது. சில்லென்று, சின்னதாய். அப்புறம் மோதிர விரலில் இன்னொன்று.

செர்வா அசையவில்லை. மூன்றாவதற்காகக் கையை நீட்டியபடியே நின்றாள்.

*

எனக்கே இதை அடிச்சு முடிச்சதும் உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு, போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். உங்க பக்கத்துலயும் குப்பன், குப்பாயி, பிச்சைன்னு பேர் வெச்சுக் காப்பாத்தின பிள்ளைங்க உண்டுதானே? தவிட்டுக்கு வித்துத் தவிட்டுக்கு வாங்கின கதை உங்க வீட்ல நடந்திருக்கா? வித்தவ யாரு, வாங்கினவ யாரு, அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் யாரை அம்மான்னு கூப்பிட்டுச்சு? நடந்தது நடந்தபடி எழுதுங்க. ஒண்ணு விடாம படிப்பேன்.